காப்ரித் தீவுக்கு ஒரே நாளில் போய்வர: இருவருக்கான முழுமையான வழிகாட்டி

இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடாவில் இருக்கும் காப்ரி மொத்தமே 10 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். இவ்வளவு சின்னத் தீவுதானே, இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பும் ஜோடிகள்தான் அதிகம். ஆனால் அந்தத் தீவு தட்டுத் தட்டாக ஏறிப் போகிறது. துறைமுகம் கடலோரத்தில், காப்ரி ஊர் அதற்கு மேலே, அனகாப்ரி அதற்கும் மேலே, எல்லாவற்றுக்கும் உச்சியில் 589 மீட்டர் உயரத்தில் மோந்தே சொலாரோ. ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்குப் போக ஒவ்வொரு முறையும் எதற்காவது வரிசையில் நிற்க வேண்டும், பகல்நேரப் பயணிகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அதே வரிசைக்குத்தான் வந்து சேர்வார்கள்.

நான் கூட்டிப்போன நண்பர்கள், வழி சொல்லி அனுப்பிவைத்த தம்பதிகள் என்று பார்த்தவரையில், தவறான இடத்தைத் தேர்ந்தெடுத்து நாளைக் கெடுத்துக்கொண்டவர்கள் குறைவு. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். அதனால் இதைச் செய்ய வேண்டிய முறைப்படியே எழுதுகிறேன், ஒவ்வொன்றும் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதோடு. இதில் சொல்லும் விலைகள் உத்தேசமானவை, வருடா வருடம் கொஞ்சம் ஏறும்.

1. எந்தக் கரையிலிருந்து கிளம்புவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

காப்ரிக்குப் படகில்தான் போக முடியும். பகல் பயணத்துக்கு வசதியான கரைகள் இரண்டு. நேப்பிள்ஸிலிருந்து வேகப் படகில் சுமார் 50 நிமிடம், சொரெண்டோவிலிருந்து 20 முதல் 25 நிமிடம். பொசித்தானோ, அமால்ஃபி பக்கமிருந்தும் சீசனில் படகுகள் உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு, ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டும்.

சொரெண்டோ பக்கம் என்பதற்காக நேப்பிள்ஸில் தங்கியிருப்பவர்கள் அங்கே போய் ஏறுவது பலரும் செய்யும் தவறு. நேப்பிள்ஸிலிருந்து சொரெண்டோவுக்கு உள்ளூர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நிலையத்திலிருந்து துறைமுகத்துக்கு இறங்க வேறு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் நேப்பிள்ஸிலிருந்து ஏறியவர் தீவுக்கே போய்ச் சேர்ந்திருப்பார். இரவு எந்த ஊரில் தூங்குகிறீர்களோ அந்த ஊர்த் துறைமுகம்தான் உங்களுக்குச் சரி.

ரோமிலிருந்து ஒரே நாளில் முடியுமா என்று கேட்பவர்கள் நிறைய. முடியும். அதிவேக ரயிலில் நேப்பிள்ஸுக்கு 1 மணி 10 நிமிடம் அளவில் வந்துவிடலாம். ஆனால் ரயில், மெட்ரோ, படகு என்று மூன்றும் நேரத்துக்குக் கிடைத்தாலும் தீவில் கால் வைக்கும்போது பெரும்பாலும் காலை 10 மணி தாண்டிவிடும், கூட்டத்தின் உச்சத்தில் போய் இறங்குவீர்கள். முந்தின இரவு நேப்பிள்ஸில் தங்கிவிட்டால் இந்த வழிகாட்டி முழுவதும் அப்படியே பொருந்தும்.

2. ஆளுக்கு ஒன்று என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்

இதை இரண்டாவதாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. தீவில் பெரிதாகச் செய்யக்கூடியவை நான்கு: மோந்தே சொலாரோ உச்சி, நீலக் குகை, படகில் தீவைச் சுற்றுவது, காப்ரி ஊரும் அதன் கடலோரக் காட்சி நடையும். ஒரு நாளில் இவற்றில் இரண்டுதான் நிம்மதியாக முடியும், ஓடினால் மூன்று. நான்கையும் தொட நினைக்கிறவர்கள் கடைசியில் வரிசைகளை மட்டும்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

ஆகவே முந்தின இரவே ஆளுக்கு ஒன்றைச் சொல்லிவிடுங்கள். அவருக்கு மலை உச்சி, உங்களுக்குக் கடைத்தெரு என்றால் அந்த இரண்டும்தான் அன்றைய நாள், மற்றவை நேரம் மிஞ்சினால் மட்டும். துறைமுகத்தில் வெயிலில் நின்றுகொண்டு, சுற்றிலும் படகுக்காரர்கள் கூவிக்கொண்டிருக்கும்போது இதை முடிவு செய்யப் போனால் யார் சத்தமாகக் கூப்பிடுகிறார்களோ அவர் படகில்தான் போய் உட்காருவீர்கள், இருவரில் ஒருவருக்கு அது பிடிக்காமல் போகும்.

நடக்கும் வேகத்தையும் பேசிக்கொள்ளுங்கள். காப்ரியில் எங்கே திரும்பினாலும் படிக்கட்டுதான். முழங்கால் வலியோ கர்ப்பமோ இருந்தால் குகையையும் நீண்ட நடைகளையும் விட்டுவிட்டு, உச்சியையும் ஊரையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

3. எந்த மாதம், எந்தக் கிழமை

ஏப்ரல் கடைசி, மே, செப்டம்பர் இரண்டாம் பாதி, அக்டோபர் முதல் பாதி, இவைதான் நல்ல காலம். ஆகஸ்டில், குறிப்பாக 15ஆம் தேதி வரும் இத்தாலிய விடுமுறையை ஒட்டிய நாட்களில், முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை படகுகள் குறையும், ஹோட்டல்களும் கடைகளும் பாதிக்கு மேல் மூடியிருக்கும்.

வாரநாளில் போங்கள். சனி, ஞாயிறுகளில் நேப்பிள்ஸ்காரர்களும் வருவார்கள்.

பயணத்தில் இரண்டு மூன்று நாள் அந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்றால் காப்ரியைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். கடல் கொந்தளித்துப் படகு நின்றால் மறுநாள் போகலாம் என்ற வாய்ப்பு கையில் இருக்க வேண்டும். மறுநாள் காலை விமானம் வைத்துக்கொண்டு தீவுக்குப் போவது வேண்டவே வேண்டாம்.

4. திரும்பும் படகை முதலில் வாங்குங்கள்

எல்லோரும் போகும் படகைத்தான் யோசித்து யோசித்து வாங்குகிறார்கள், திரும்புவதை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நிலைமை இதற்கு நேர் எதிர். காலையில் கூட்டம் பல படகுகளில் பிரிந்து வரும், மாலை 4 மணியிலிருந்து 6 மணிக்குள் அத்தனை பேரும் திரும்பக் கிளம்புவார்கள். அந்த நேரத்துப் படகுகள்தான் முதலில் நிரம்புகின்றன.

முதலில் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று பாருங்கள். சொரெண்டோவுக்கான கடைசிப் படகு பொதுவாக நேப்பிள்ஸுக்கான கடைசிப் படகைவிடச் சீக்கிரம் போய்விடும், அட்டவணை மாதத்துக்கு மாதம் மாறும், அதனால் நீங்கள் போகும் தேதியைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். பிறகு கடைசிப் படகுக்கு முந்தின படகுக்குச் சீட்டு வாங்குங்கள். அதைத் தவறவிட்டாலும் இன்னொன்று இருக்கும்.

அடுத்துப் போகும் படகு. காலை 8 மணியை ஒட்டிக் கிளம்புவதைப் பிடியுங்கள். 9.30, 10 மணிப் படகுகளில்தான் கொடி பிடித்த சுற்றுலாக் குழுக்கள் வருகின்றன. அவர்களுக்கு முன்னால் பஸ் வரிசையில் நிற்பதற்காகத்தான் இவ்வளவு சீக்கிரம் எழுவது.

ஒரு கம்பெனியின் சீட்டு இன்னொரு கம்பெனியின் படகில் செல்லாது. ஸ்நாவ், என்எல்ஜி, கரேமார் என்று பல கம்பெனிகள் ஒரே துறைமுகத்திலிருந்து ஓட்டுகின்றன. கையில் சீட்டு இருக்கிறது, படகும் காப்ரிப் படகுதான், ஆனாலும் ஏற விடவில்லை என்று தவித்து நிற்கும் ஆட்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கலாம். இரண்டு பயணமும் ஒரே கம்பெனியாக இருந்தால் மாற்றிக்கேட்பது சுலபம்.

வேகப் படகுக்கு ஒருவருக்கு ஒரு வழிக்கு 20 யூரோவுக்கு மேல் ஆகும், இருவர் போய்வர 100 யூரோ அளவில் வைத்துக்கொள்ளுங்கள். தீவில் இறங்குவதற்கான கட்டணம் அதற்குள்ளேயே சேர்ந்திருக்கும், தனியாகக் கட்டத் தேவையில்லை. சீட்டுகள் இருவர் போனிலும் இருக்கட்டும். ஒரு போனில் மட்டும் வைத்துக்கொண்டு, நாள் முழுக்கப் படம் எடுத்து, மாலையில் சார்ஜ் தீர்ந்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

5. பையில் என்ன

சின்னத் தோள்பை ஆளுக்கு ஒன்று, அவ்வளவுதான். பெரிய பெட்டிக்குப் படகில் தனிக் கட்டணம் கேட்பார்கள், தீவின் பஸ்கள் நம்மூர் மினி பஸ்ஸைவிடச் சின்னவை, பெட்டியோடு ஏற இடமிருக்காது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் மரீனா கிராந்தே துறைமுகத்தில் காசு கொடுத்து வைத்துவிட்டு மேலே போங்கள்.

திரும்பத் திரும்ப நிரப்பக்கூடிய தண்ணீர் பாட்டில், தொப்பி, வெயில் கிரீம், பவர் பேங்க், பாஸ்போர்ட்டோ வேறு அடையாள அட்டையோ, கையில் ரொக்கம் 100 யூரோ அளவில், அதில் சில்லறையும் இருக்கட்டும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்கு 2019லிருந்து தீவில் தடை, அபராதம் 500 யூரோ வரை போகலாம் என்பதால் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், ஸ்பூன் எதையும் கொண்டுவராதீர்கள்.

செருப்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். படங்களுக்காக ஹீல்ஸ் வேண்டும் என்றால் பையில் வைத்துக்கொண்டு, நடப்பதற்குப் பிடிப்பான ஷூ போடுங்கள். பின்வார் இல்லாத செருப்பு, உச்சிக்குக் கயிற்றில் தொங்கியபடி போகும் நாற்காலியான சேர் லிஃப்டில் காலிலிருந்து நழுவிக் கீழே யாருடைய தோட்டத்திலாவது விழுந்துவிடும். கடலில் குளிக்கும் எண்ணம் இருந்தால் நீச்சலுடையை உள்ளே போட்டுக்கொள்ளுங்கள், கரைகள் எல்லாம் கூழாங்கல்தான், மணல் கிடையாது.

படகில் வாந்தி வரும் ஆளாக இருந்தால் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். ஏறிய பிறகு போட்டால் பயனில்லை.

6. சரியான துறைமுகம், சரியான மேடை

நேப்பிள்ஸில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. வேகப் படகுகள் மோலோ பெவரெல்லோவிலிருந்து கிளம்பும். கார் ஏற்றும் மெதுவான கப்பல்கள் கலாத்தா போர்த்தா தி மஸ்ஸாவிலிருந்து. இரண்டுக்கும் இடையே நடந்தால் கால் மணி நேரம் வரை ஆகும், அதனால் சீட்டில் எது எழுதியிருக்கிறது என்று முந்தின இரவே பாருங்கள். நேப்பிள்ஸ் சென்ட்ரல் நிலையத்திலிருந்து மெட்ரோ 1ஆம் லைனில் ஏறி மூன்றாவது நிறுத்தமான முனிச்சிப்பியோவில் இறங்கினால் பெவரெல்லோ எதிரிலேயே இருக்கிறது.

மெதுவான கப்பலில் 80, 90 நிமிடம் ஆகும், கட்டணம் கொஞ்சம் குறைவு, திறந்த மேல்தளம் இருக்கும். வேகப் படகில் மூடிய அறைதான், கண்ணாடியில் உப்பு படிந்து வெளியே சரியாகத் தெரியாது. ஆக, போகும்போது வேகப் படகு, வரும்போது நேரம் இருந்தால் மெதுவான கப்பல் என்பது என் விருப்பம், மாலை வெயிலில் வெசுவியஸ் மலையைப் பார்த்துக்கொண்டே வரலாம்.

சொரெண்டோவில் ஊர்ப்பெயர்களே ஆளைக் குழப்பும். அங்கே படகு கிளம்புவது மரீனா பிக்கொலாவிலிருந்து. சொரெண்டோவிலேயே மரீனா கிராந்தே என்று ஒரு மீனவக் கரை இருக்கிறது, அங்கே போய் நின்றால் படகு வராது. காப்ரியிலோ இது தலைகீழ்: படகுகள் வருவதும் போவதும் மரீனா கிராந்தே, மரீனா பிக்கொலா என்பது தீவின் தெற்குப் பக்கக் குளியல் கரை. டாக்ஸிக்காரரிடம் ஊர்ப்பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படகில் இருக்கை எண் பெரும்பாலும் கிடையாது. 30 நிமிடம் முன்னதாகப் போனால் இருவரும் சேர்ந்து உட்காரலாம். குமட்டல் வருபவர் பின்பக்கம் நடுவில் உட்கார வேண்டும், அங்கேதான் ஆட்டம் குறைவு.

7. இறங்கியதும் முதல் பத்து நிமிடம்

இந்தப் பத்து நிமிடத்தில்தான் நாள் கைக்குள் வருகிறது அல்லது கைவிட்டுப் போகிறது. மரீனா கிராந்தேயில் இறங்கியதும் வலப்பக்கமும் இடப்பக்கமும் கடைகள், படகுச் சுற்றுலா விற்பவர்கள், காபிக் கடைகள். நின்று பார்க்காதீர்கள், படம் எடுக்காதீர்கள், கழிப்பறை வேலையைப் படகிலேயே முடித்துவிடுங்கள். உங்களோடு இறங்கிய நூற்றுக்கணக்கானவர்கள் இப்போது வரிசைக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள்.

மேலே போக மூன்று வழி. முதலாவது ஃபுனிகோலாரே, பழனியில் விஞ்ச் என்கிறோமே அந்த மாதிரி இழுவை ரயில், சில நிமிடத்தில் காப்ரி ஊரின் நடுச்சதுக்கமான பியாட்செட்டாவில் கொண்டுபோய் விடும், சீட்டு 2 யூரோ சொச்சம். சீட்டு விற்கும் கவுண்டர் ரயில் வாசலில் இல்லை, துறைமுகப் பக்கம் தனியாக இருக்கிறது. ரயில் வரிசையில் கால் மணி நேரம் நின்று வாசலுக்கு வந்த பிறகு இதைத் தெரிந்துகொள்கிறவர்கள் பலர். ஒருவர் சீட்டுக்குப் போங்கள், மற்றவர் நேராக வரிசையில் நில்லுங்கள். ஜோடியாக வருவதன் நிஜமான லாபம் இதுதான்.

இரண்டாவது, அனகாப்ரிக்கு நேராகப் போகும் சின்ன பஸ். மூன்றாவது, மேற்கூரை திறந்த டாக்ஸி. அனகாப்ரிக்கு டாக்ஸி 20 யூரோவைத் தாண்டும், ஏறுவதற்கு முன் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பஸ் வரிசை நீளமாக இருந்தால், காலையில் இந்த ஒரு டாக்ஸிச் செலவு நியாயமானது என்பேன், முக்கால் மணி நேரத்தை அது மிச்சப்படுத்தும்.

நீங்கள் முதலில் போக வேண்டியது அனகாப்ரிக்கு. கூட்டம் முழுவதும் முதலில் பியாட்செட்டாவுக்கு ஏறும், மதியத்துக்கு மேல் அனகாப்ரிக்கு வரும். நீங்கள் அதற்கு எதிர்த்திசையில் ஓட வேண்டும். இதற்கு இன்னொரு காரணம் மேகம். வெயில் ஏறும்போது மோந்தே சொலாரோ உச்சியில் மேகம் வந்து உட்காருவது சகஜம், காலையில் காட்சி தெளிவாகக் கிடைக்கும்.

8. அனகாப்ரியும் உச்சியும்

பஸ் அனகாப்ரியின் சதுக்கமான பியாட்சா விட்டோரியாவில் நிற்கும். இறங்கியதும் தலையைத் தூக்கி உச்சியைப் பாருங்கள். மேகம் மூடியிருந்தால் சீட்டு வாங்க வேண்டாம், முதலில் ஊரைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வாருங்கள். தெளிவாக இருந்தால் நேராக சேர் லிஃப்டுக்கு. காலை 9.30 அளவில் திறக்கும், போய்வர ஒருவருக்கு 14 யூரோ அளவில், ஏற 13 நிமிடம்.

ஜோடிகள் முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டியது: நாற்காலி ஒருவருக்கானது. சேர்ந்து உட்கார முடியாது. பயப்படுகிறவர் முன்னால் போகட்டும், மற்றவர் பின்னால் இருந்து பேசிக்கொண்டே வரலாம், படமும் எடுக்கலாம். நாற்காலி நிற்காது, ஓடிக்கொண்டே வரும், தரையில் குறியிட்ட இடத்தில் நின்றால் ஊழியர் உட்கார வைத்துவிடுவார். துப்பட்டாவையும் புடவைத் தலைப்பையும் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், பை மடியில் இருக்க வேண்டும். கயிறு பெரும்பாலும் தோட்டங்களுக்கு மேலே தாழ்வாகத்தான் போகிறது, உயரப் பயம் உள்ளவர்களும் ஓரளவு சமாளித்துவிடுகிறார்கள்.

உச்சியில் ஃபரல்யோனி என்னும் மூன்று கடற்பாறைகள் காலுக்குக் கீழே தெரியும், அந்தப் பக்கம் வெசுவியஸ், இந்தப் பக்கம் அமால்ஃபி கடற்கரை. முக்கால் மணி நேரம் கொடுங்கள். இறங்கும்போது நடக்க ஆசை இருந்தால் செத்ரெல்லா வழியாக ஒரு மணி நேரத்தில் அனகாப்ரிக்கு வரலாம், பாதை கரடுமுரடு, மழை பெய்திருந்தால் வேண்டாம். அப்படி எண்ணம் இருந்தால் ஒருவழிச் சீட்டே போதும்.

கீழே வந்ததும் சான் மிக்கேலே தேவாலயத்துக்குப் போங்கள். 1761இல் பதித்த வண்ணம் தீட்டி மெருகிட்ட ஓட்டுத் தரை, ஆதாமும் ஏவாளும் சொர்க்கத்திலிருந்து துரத்தப்படும் காட்சி, சுற்றிலும் விலங்குகள். தரையை மிதிக்காமல் ஓரமாகப் பலகையில் நடந்து, வளைபடியில் ஏறி மாடத்திலிருந்து பார்க்க வேண்டும், அங்கிருந்துதான் முழுப் படமும் புரியும். கட்டணம் சில யூரோதான், இருபது நிமிடம் போதும், இதை விட்டுவிட்டு வருகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். தோட்டமும் கடல் காட்சியும் இருக்கும் வில்லா சான் மிக்கேலே பியாட்சா விட்டோரியாவிலிருந்து சில நிமிட நடை. பெயர் ஒன்றாக இருப்பதால் தேவாலயத்துக்குப் போக நினைத்து வில்லாவுக்குப் போய்விடாதீர்கள், இரண்டும் வெவ்வேறு திசை.

9. நீலக் குகை: போகலாமா வேண்டாமா

காப்ரி என்றாலே எல்லோரும் கேட்பது இதைத்தான், அதிக ஏமாற்றம் தருவதும் இதுதான். எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

குகையின் வாசல் நீருக்கு மேலே சுமார் 1 மீட்டர்தான். நான்கு பேர் வரை ஏறும் துடுப்புப் படகில் மல்லாந்து படுத்துக்கொள்ள வேண்டும், படகோட்டி சுவரில் இருக்கும் சங்கிலியைப் பிடித்து அலை தாழும் நொடியில் உள்ளே இழுப்பார். உள்ளே சுமார் 60 மீட்டர் நீளம். வாசலுக்குக் கீழே நீருக்குள் இருக்கும் பெரிய திறப்பு வழியாக வெயில் கடல்நீரை ஊடுருவி வருகிறது, நீர் சிவப்பை உறிஞ்சிக்கொள்ள நீலம் மட்டும் மிஞ்சி, தண்ணீரே ஒளிர்வது போல இருக்கும். உள்ளே இருப்பது சுமார் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்கு கோடையில் ஒன்று, இரண்டு மணி நேரம்கூடக் காத்திருக்க நேரும். குளிக்க அனுமதி இல்லை.

இரண்டு வழியில் போகலாம். துறைமுகத்திலிருந்து மோட்டார் படகில் போனால் அந்தக் கட்டணம் வேறு, குகைக் கட்டணம் வேறு. குகைக்கு மட்டும் ஒருவருக்கு 18 யூரோ அளவில். மோட்டார் படகுக்காரர் சொன்ன விலையில் எல்லாம் அடக்கம் என்று நினைத்துப் போய், கடல் நடுவே மறுபடி பணம் எடுக்க வேண்டியிருப்பதில்தான் பலருக்கு மனம் கசக்கிறது. அதோடு, வரிசையில் காத்திருக்கும் நேரம் முழுவதும் படகு ஆடிக்கொண்டே இருக்கும். குமட்டல் வருபவருக்கு அது தண்டனை.

இரண்டாவது வழி, அனகாப்ரியிலிருந்து குகைக்குப் போகும் பஸ். இறங்கிப் படிகளில் கீழே போனால் தரையில் நின்றே வரிசையில் காத்திருக்கலாம், மோட்டார் படகுச் செலவும் இல்லை. நம்முடைய திட்டப்படி அப்போது அனகாப்ரியில்தான் இருப்பீர்கள், உச்சியை முடித்துவிட்டு நண்பகலை ஒட்டிப் போனால் ஒளியும் நன்றாக இருக்கும். படகோட்டி உள்ளே பாட்டுப் பாடுவார், வெளியே வந்ததும் அன்பளிப்பு எதிர்பார்ப்பார், 5 யூரோ நோட்டு ஒன்று தனியாக வைத்திருங்கள்.

அலை கொஞ்சம் உயர்ந்தாலும் குகையை மூடிவிடுவார்கள். அது தீவின் வடமேற்கு மூலையில் இருப்பதால் அந்தத் திசையிலிருந்து காற்று அடித்தால், மற்ற பக்கம் கடல் அமைதியாக இருந்தாலும் வாசல் அடைபடும். ஆகவே பஸ் ஏறுவதற்கு முன் திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள், மூடியிருந்தால் அந்த நேரத்தைத் தீவைச் சுற்றும் படகுக்கு மாற்றுங்கள். சுமார் ஒரு மணி நேரம் ஆகும் அந்தச் சுற்றில் ஃபரல்யோனியின் நடுப்பாறையில் இருக்கும் இயற்கை வளைவுக்குள் சின்னப் படகுகள் நுழைந்து வெளியே வரும். அந்த வளைவுக்குள் போகும்போது ஜோடிகள் முத்தமிட்டுக்கொள்வது அங்கே வழக்கம். என்னைக் கேட்டால், இருவரில் யாரும் குகையைத் தன் விருப்பமாகச் சொல்லாவிட்டால் இந்தச் சுற்றுதான் மேல்.

10. சாப்பாட்டை அனகாப்ரியிலேயே முடியுங்கள்

பியாட்செட்டாவில் வந்து பசிக்கிறது என்று உட்கார்ந்தால் ஒரு காபிக்கே வேறு ஊர்களில் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் தொகையைக் கேட்பார்கள். அனகாப்ரியில் விலை தணிவு, இடமும் கிடைக்கும். சமையலறைகள் 12.30க்குத் தொடங்கி மதியம் 3 மணியளவில் மூடிவிடும், அதற்குள் உட்கார்ந்துவிடுங்கள். பில்லில் கொபேர்த்தோ என்று ஆளுக்குச் சில யூரோ வரும், அது மேசைக் கட்டணம், எல்லாக் கடையிலும் உண்டு.

சைவக்காரர்களுக்குத் தீவில் கஷ்டமில்லை. தக்காளி, மொட்சரெல்லா, துளசி இனத்து பேசில் இலை வைத்த கப்ரேசே சாலட் இந்தத் தீவின் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. ரவியோலி கப்ரேசியில் உள்ளே சீஸும் மார்ஜோரம் இலையும்தான். மைதா இல்லாமல் பாதாமும் சாக்லேட்டும் சேர்த்துச் செய்யும் தோர்த்தா கப்ரேசே கேக்கில் முட்டை உண்டு. காய்கறிப் பண்டங்களில் நெத்திலி வகை மீனைச் சேர்த்துவிடுவார்கள், அதனால் சென்ஸா கார்னே (இறைச்சி இல்லாமல்), சென்ஸா பேஷே (மீன் இல்லாமல்) என்று இரண்டையும் சொல்லுங்கள், இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும். பழைய முறையில் செய்யும் இத்தாலிய சீஸ்களில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்கிறது, கண்டிப்பான சைவர்கள் தக்காளிச் சாறு ஊற்றிய பாஸ்தாவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பணம் சேமிக்க வேண்டும் என்றால் மளிகைக் கடையில் ரொட்டிக்குள் மொட்சரெல்லாவும் தக்காளியும் வைத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

11. இப்போது காப்ரி ஊருக்கு இறங்குங்கள்

மதியம் 2 மணி தாண்டி அனகாப்ரியிலிருந்து பஸ். பியாட்சா விட்டோரியாவில் ஏற நின்றால் சில நேரம் நிரம்பியே வரும், ஊருக்குள் கொஞ்சம் உள்ளே நடந்து பஸ் கிளம்பும் இடத்திலேயே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். மலைச்சரிவை ஒட்டிய சாலை, பஸ்ஸில் கடல் பக்கம் உட்காருங்கள்.

பியாட்செட்டாவில் நின்று பார்த்தால் போதும், உட்கார வேண்டாம். பத்து நிமிட நடையில் அகஸ்டஸ் தோட்டம், கட்டணம் 2, 3 யூரோ. ஃபரல்யோனியும், பாறையில் மடிப்பு மடிப்பாக இறங்கும் வியா க்ரூப் பாதையும் அங்கிருந்து தெரியும். பாறைச் சரிவுக்குப் பயந்து அந்தப் பாதையை அடிக்கடி மூடி வைப்பார்கள், இறங்க முடியும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பிறகு கடைத்தெருவான வியா கமெரெல்லே வழியாக வியா திரகாராவில் நேராக நடந்தால் 20 நிமிடத்தில் பெல்வெதேரே திரகாரா என்னும் காட்சி முனை. சமதளமான நடை, படி இல்லை, காசு இல்லை, தீவிலேயே ஃபரல்யோனி மிக அருகில் தெரியும் இடங்களில் ஒன்று. கடை பார்க்க ஆசைப்பட்டவர் வழியில் பார்த்துக்கொள்ளட்டும், நடக்க ஆசைப்பட்டவர் திரகாராவில் காத்திருக்கட்டும், இப்படிப் பிரிந்து சேர்ந்தால் இருவருக்கும் சௌகரியம்.

நன்றாக நடப்பவர்கள் திரகாராவுக்கு நேராகப் போகாமல் ஆர்கோ நதுராலே என்னும் கல்வளைவுக்குப் போய், அங்கிருந்து கடலோரப் பாதையில் சுற்றி திரகாராவுக்கு வரலாம். ஒன்றரை மணி நேரம் வையுங்கள். ஆர்கோ பக்கமிருந்துதான் தொடங்க வேண்டும், நூற்றுக்கணக்கான படிகள் இறக்கமாக அமையும். எதிர்ப்பக்கமிருந்து வந்தால் அத்தனையும் ஏற்றம்.

12. துறைமுகத்துக்கு இறங்கும் நேரம்

படகுக்கு ஒரு மணி நேரம் பத்து நிமிடம் இருக்கும்போது பியாட்செட்டாவில் இருங்கள். மாலையில் ஃபுனிகோலாரே வரிசை சதுக்கம் வரை நீளும். ரயில் ஓட்டம் நான்கு நிமிடம்தான் என்று கணக்குப் போட்டுப் படகைத் தவறவிடுகிறார்கள், வரிசையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வரிசை நீளமாக இருந்தால் நிற்கவே வேண்டாம், படிப்பாதையில் நடந்தே 20 நிமிடத்தில் துறைமுகத்துக்கு இறங்கிவிடலாம், முழுக்க இறக்கம்.

மரீனா கிராந்தேயில் பல மேடைகள். பலகையில் உங்கள் கம்பெனி பெயர், நேரம், மேடை எண் மூன்றையும் பாருங்கள், நேரத்தை மட்டும் பார்த்து ஓடாதீர்கள். நேப்பிள்ஸுக்கும் சொரெண்டோவுக்கும் ஒரே நேரத்தில் அடுத்தடுத்த மேடைகளிலிருந்து படகுகள் கிளம்பும்.

நேரம் மிஞ்சினால் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே கூழாங்கல் கரை இருக்கிறது, காலை நனைத்துக்கொள்ளலாம்.

13. கடல் கொந்தளித்தால்

காற்று கூடினால் முதலில் நிற்பவை வேகப் படகுகள். கார் ஏற்றும் பெரிய கப்பல்கள் அதற்குப் பிறகும் பல நேரம் ஓடும். அதனால் மதியம் காற்று ஏறுவது தெரிந்தால் மாலைவரை காத்திருக்காதீர்கள், இணையத்தில் அன்றைய நிலையைப் பார்த்து, சந்தேகம் இருந்தால் கவுண்டருக்குப் போய் முந்தின படகுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

உங்கள் படகை ரத்து செய்துவிட்டார்கள் என்றால் ஒருவர் அந்தக் கம்பெனியின் கவுண்டரில் நில்லுங்கள், மற்றவர் கரேமார் கவுண்டருக்குப் போய்ப் பெரிய கப்பலில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சொரெண்டோவில் தங்கியிருப்பவர்களுக்கும் இது பொருந்தும், நேப்பிள்ஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அங்கிருந்து ரயில் இருக்கிறது. கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே போனில் குறித்து வையுங்கள். ரத்தான சீட்டைத் தூக்கிப்போடாதீர்கள், பணத்தைத் திரும்பக் கேட்க அதுவும் பதிவு எண்ணும் வேண்டும்.